மருந்தை நிறுத்திய பதினோரு நாள்

மார்ச் 4, 1935, திங்கள்

நான்காம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கரும்பலகை சாய்ந்தது. சாய்ந்தது நான்தான். இந்த வருஷத்தில் மூன்றாம் தடவை. டோரதி டீச்சர் முகத்தில் தண்ணீர் அடித்து, ஜட்கா பிடித்து, கச்சேரி ரோட்டு டாக்டர் சங்கரனிடம் கொண்டுபோனாள்.

அங்கே அதே பழைய பாட்டு. "ரத்தம் கம்மி. நெர்வ்ஸ் வேற. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்." இடது விலாவுக்குக் கீழே எலுமிச்சங்காய் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்றேன். தொட்டும் தொடாமலும் அழுத்தினார். "இருபத்துமூணு வயசுல வயத்துல கட்டியா? அதெல்லாம் அம்பது வயசுக்காராளுக்கு வர்றது." மலம் கறுப்பாகப் போகிறதே என்றேன். அவர் கொடுத்த இரும்பு மிக்சர் மருந்து சாப்பிட்டால் அப்படித்தானாம். மிக்சர் ஆரம்பிக்குமுன்பே, கிறிஸ்துமஸ் சமயத்திலேயே கறுத்தது என்றேன். "தேதி எழுதி வச்சிண்டிருக்கியா?"

எழுதவில்லை. கணக்கு டீச்சர், எழுதி வைக்கவில்லை! இனி எழுதுகிறேன். டாக்டராம், மூக்குக்கண்ணாடி போட்ட பூசணிக்காய்.

மார்ச் 6, புதன். விபூதித் திருநாள்

"மண்ணுக்குத் திரும்புவாய்" என்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். சரி சாமி, ஆனால் இப்போது இல்லை என்று மனசுக்குள் சொன்னேன்.

இன்றிலிருந்து ஈஸ்டர் பாஸ்கு வரை தபசு காலம், வீட்டில் சுத்தபோசனம். கறி கிடையாது. காஸ்பர் மாமா வந்தார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் மாப்பிள்ளையாம். "இன்னாம்மா மொறைக்கிறே? தபசு முடிஞ்சதும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுடலாம். உன் நோவுக்கு மருந்து அதுல கீது." கல்யாணமானால் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா. அப்புறம் நான் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாமியாருக்குத்தான்.

மார்ச் 9, சனி

மிக்சரை நிறுத்திவிட்டேன். இரும்பு உள்ளே போகாமல் கறுப்பு வந்தால் அது இரும்பு இல்லை. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். பாட்டிலில் ஒட்டிய அளவுக் காகிதத்தில் மருந்து எந்தக் கோட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று அம்மா தினமும் பார்ப்பாள். ஆகவே வேளைக்கு ஒரு கோடு மருந்து, குரோட்டன்ஸ் தொட்டிக்கு.

மார்ச் 10

மருந்து இல்லை. கறுப்பு.

மார்ச் 12

கறுப்பு. நேற்றும்.

மார்ச் 14

இன்று பழுப்பு. பூசணிக்காய் சொன்னதுதான் நிஜமோ? எல்லாம் என் மனப்பிராந்தியோ? மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மார்ச் 16

தார் மாதிரிக் கறுப்பு. சந்தோஷப்பட்டேன். அடிப்பாவி, இதற்குமா ஒருத்தி சந்தோஷப்படுவாள்? அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 20, புதன்

நேற்றோடு பதினோரு நாள். இந்த நோட்டைப் பிரித்து, தேதிகளை ஒரு தாளில் எழுதி டாக்டர் மேஜைமேல் வைத்தேன். மருந்தை நிறுத்தினேன் என்றதும் குதித்தார். "யாரைக் கேட்டுண்டு நிறுத்தினே?" என் வயிறு, டாக்டர். "ஆட்டுக்கறி, ஈரல்னு ஏதாவது சாப்பிட்டிருப்பே. அதுவும் கறுப்பாப் போகும்." விபூதித் திருநாளிலிருந்து எங்கள் வீட்டில் கறி வாசனைகூடக் கிடையாது, கோயிலில் கேட்டுப்பாருங்கள் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளை இரண்டு தடவை படித்தார். "அப்போ உள்ளே ரத்தம் கசியறதோ என்னமோ. படுத்துக்கோம்மா." இந்தத் தடவை நன்றாக அழுத்தினார். வலித்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

எக்ஸ்ரே. சாக்பீஸைக் கரைத்ததுபோல் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளை முகர்ந்தாலும் குடித்தது இன்றுதான். படத்தில் என் வயிறு வெள்ளை வெளேரென்று. நடுவே உருண்டையாக ஒரு வெற்றிடம், அதுதான் கட்டியாம். சின்ன வயசில் இது அபூர்வம், அதனால்தான் யாரும் தேடுவதில்லை என்றார் சர்ஜன். புற்றா இல்லையா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

"கத்தி பட்ட பொண்ண எவன் கட்டுவான்?" என்றார் மாமா. செத்த பெண்ணைக் கட்டுவானா மாமா என்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. மாமாவுக்குக் காபியும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2

நாளைக் காலை ஆபரேஷன். பயமா கீது. ரொம்ப பயமா கீது. ஆனா சாக மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்.

ஏப்ரல் 21, பாஸ்கு ஞாயிறு

உட்கார்ந்து எழுதுகிறேன். புற்று இல்லை, தசையில் வளர்ந்த கட்டி. அது எலுமிச்சங்காய் இல்லை, சாத்துக்குடி! கோயில் மணி இந்த ஆஸ்பத்திரிக்குக் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டேன். கஞ்சி நான்கு கரண்டி.

ஜூலை 8, திங்கள்

பள்ளிக்கூடம் போய் ஒரு வாரம் ஆகிறது. பின்னக் கணக்கு விட்ட இடத்தில் இருக்கிறது. பெரம்பூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் ஓலை வாசித்துவிட்டார்கள். மகராசனாக இருக்கட்டும்.

சாயங்காலம் டாக்டர் சங்கரனின் கம்பவுண்டர் சீட்டுக் கொண்டுவந்தார். மெஹபூப் அலி என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, தையற்கடையில் மயங்கி விழுகிறானாம். மலம் கறுப்பு. "இரும்பு மிக்சரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தினமும் எப்படி எழுதுவது என்று அவனுக்குக் காட்ட வேண்டும். தாங்கள் எழுதிய நோட்டைத் தந்து உதவ முடியுமா?" தாங்களாம்!

நாளைக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன். பூசணிக்காயையும் படிப்பார். படிக்கட்டும். ஒரு வரியையும் அடிக்கவில்லை.