வெள்ளைப்பிட்டியில் நின்றுபோன வீடு

சரவணை,
வேலணை.
12.09.2024

அன்பு மகள் கோசலாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் நோவு விட்டபாடில்லை, மற்றப்படி நாங்கள் இருவரும் சுகம். நோர்வேயில் நீரும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாள் துணை நிற்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உமக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாக வாசியும்.

வெள்ளைப்பிட்டியில் உமக்குக் கட்டத் தொடங்கிய வீடு நின்று மூன்று மாதமாகிறது. மாரியில் ஊரெல்லாம் வெள்ளம் நின்றாலும் அந்த மேடு மட்டும் காய்ந்து கிடக்கும், கிணற்றிலும் நல்ல தண்ணீர், அதனால்தான் அதை உமக்குச் சீதனமாக எழுதினோம். வேலை நின்றதற்கு நானும் அம்மாவும்தான் காரணம், வேறு யாரை நோவது. மேசன் பிலிப்பு அத்திவாரம் வெட்டும்போது கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை வந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடும்போது சட்டிபானை எல்லாம் அந்த வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத்தானே போனோம், இது என்ரை அரிசிப்பானையெல்லோ என்று அம்மா அழுதாள், நானும் ஓம் ஓம் என்றேன். தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்து ஊருக்கெல்லாம் காட்டினாள். பார்க்க வந்த ஐயாத்துரை வாத்தியார் படம் பிடித்து யாருக்கோ அனுப்ப, அடுத்த கிழமையே நிமலன் என்ற அகழ்வாராய்ச்சிக்காரர் ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். அது இரண்டாயிரம் வருடத்துப் பானையாம். அதில் கீறியிருந்த எழுத்தோ அடையாளமோ தேய்த்ததில் போய்விட்டது என்று அவர் பக்குவமாகத்தான் சொன்னார், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் பானை எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் காட்டுவது. நான் வெட்டுவித்த அத்திவாரக் கிடங்கு இப்போது என்னையும் விட ஆழம். நூல் கட்டி, பிரஷால் தட்டித் தட்டி, ஒரு சாண் இறங்க ஒரு கிழமை எடுக்கிறார்கள். வாங்கிய சீமெந்து பாதி கட்டிபட்டுப் போய்விட்டது. நல்ல பிள்ளைகள், அம்மாவுக்குத் தைலம் கூட வாங்கி வந்து தந்தார்கள், அதனால் ஏசவும் வாய் வரவில்லை. ஒரு நாள் நிமலன் என்னைக் கையில் பிடித்து உள்ளே இறக்கி, வெட்டிய மண்சுவரைக் காட்டினார். ஐயா, இந்தக் கரித்தரை ஆக்கள் அடுப்பு மூட்டி இருந்த காலம், மேலை கிடக்கிற மணல் ஒருத்தரும் இல்லாமல் காத்து அடிச்ச காலம், ஆறு தரம் விட்டிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கினம் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த மணல், நாங்கள் வவுனியாவில் கிடந்த இருபது வருடம் என்று அவர் சொல்லாமலே விளங்கியது. அதற்குள் உமது எட்டு வயதுச் செருப்பு ஒன்று கிடந்தது. அதையும் பையில் போட்டு இலக்கம் எழுதினார்கள். தாரும் என்று கேட்டேன், ஏலாது ஐயா, பதிஞ்சாச்சு என்றுவிட்டார்கள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உரித்துக்காரர் வந்து குடியிருப்பது உறுதி என்றால் பிட்டியின் வடக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டத் தொல்பொருள் திணைக்களத்தார் விடுவார்களாம். இல்லையென்றால் முழுக் காணியையும் பாதுகாப்புக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். காணி உறுதி உமது பெயரில், கையெழுத்தும் உம்முடையதுதான் வேண்டும். இதைப் போனில் எழுதிக் கேட்டதற்குப் பெருவிரலை நிமிர்த்தி ஒரு படம் அனுப்பினீர். அதை வைத்துக்கொண்டு நான் எந்த அலுவலகத்துக்குப் போவது. வடிவான இடம் அப்பா, விடாதேங்கோ என்று சொல்வீர், எப்போது வருவீர் என்றால் பிள்ளைகளின் படிப்பு என்பீர். நீர் போன இந்தப் பன்னிரண்டு வருடமாக நான் நேரே கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவீரோ என்ற பயம்தான். இப்போது கேட்கிறேன் மகள், நீர் இங்கே வந்து இருப்பீரா இல்லையா. இல்லை என்றால் நான் கோபிக்க மாட்டேன், கொஞ்ச நாள் உமது போனை எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம், எல்லோரும் நீடூழி வாழவேண்டும். மாத முடிவுக்குள் பதில் வரவேண்டும், மறந்துவிடாதேயும். உமது கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவது, அதனால் வரமாட்டேன் என்று எழுதுவதானால் அதை மட்டும் வேறு தாளில் எழுதி வையும்.

இப்படிக்கு,
உமது அப்பா
ஏரம்பு