ஜன்னலில் நின்றவள்

போலாரம், ஹைதராபாத்

அன்புள்ள ரோகிணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் குடியிருக்கும் பழைய பங்களாவை வரைய என் ஓவிய மாணவர்களை அழைத்து வந்தேன். ரொமான்டிக் ஓவியர்களைப் போல, கண்ணில் படுவதை விட்டு மனசில் படுவதை வரையச் சொல்லிவிட்டு, மாடி ஜன்னலில் போய் நின்றேன்.

மாணவி எமியின் படத்தில் என் பின்னால் ஒரு பெண் இருந்தாள்.

“தனியாத்தானே நின்னேன்?” என்றேன்.

“காய்கூ சார், ஏன் பொய் சொல்றீங்க? ஆன்ட்டி நின்னாங்களே!”

மற்ற பிள்ளைகளும் அவளையே வரைந்திருந்தார்கள். அவள் கட்டியிருந்தது நான் இஸ்திரி போட்டுச் சுட்ட உன் நீலப் புடவை, அந்தச் சூட்டுக் கறையோடு.

பயப்படாதே, பிள்ளைகள் விளையாட்டு. பருப்புப்பொடி அனுப்பு. அந்தப் புடவை அங்கே உன் பீரோவில் இருக்கிறதா என்றும் பார்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. இப்போதெல்லாம் ஜன்னலில் நிற்கும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பி, அங்கே நீ இல்லாவிட்டால் என்ன செய்வேன்?

உன்
வெங்கட்