வலப்பக்கமே ஓடும் சரக்கு வண்டி

பிப்ரவரி 12, புதன்

காய்ச்சல் விட்டு எழுந்து இன்றுதான் மேசையில் உட்கார்ந்தேன். சளி இன்னும் முழுதாகப் போகவில்லை, தலை கனக்கிறது. இருந்தாலும், நான் படுத்துக் கிடந்த சனிக்கிழமை நாத்தனார் தனியாகப் போய்ப் பதிவு செய்து வந்த சரக்கு ரயில் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

எங்கள் விதி ஒன்றே ஒன்றுதான். ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வயலோரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கே நின்றால் கல்குவாரி இடப்பக்கம். ஜல்லி ஏற்றிய வண்டி இடமிருந்து வலமாகப் போகும். காலி வண்டி வலமிருந்து இடமாக வரும், ஓட்டைத் தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது போல. ரயில் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டும் ஒலிக்கூடத்துக்கு நாங்கள் தரப்போவது முழுக்க முழுக்க இந்த ஓர் இடத்தில் நின்று கேட்டதுதான். கூடத்துக்குள் வருகிறவர் கண்ணை மூடினால் தொட்டியடியில் நிற்க வேண்டும்.

நாத்தனார் கொண்டுவந்த வண்டி எங்கிருந்தும் வரவில்லை. திடீரென்று வலப்பக்கத்தில் முளைக்கிறது, அங்கேயே பெருக்கிறது, அங்கேயே தேய்ந்து போகிறது. இப்படிக் கேட்க வேண்டுமென்றால் எங்கே இருந்திருக்க வேண்டும்? கேட்காரரின் அறை வாசலில். அங்கே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் தண்டவாளம் மொத்தமும் வலது கைப்பக்கம். நிழல் வேறு.

போன் போட்டு எங்கே நின்றாய் என்று கேட்டேன். “தொட்டிகிட்டதான் அண்ணி, வேற எங்க?” என்றாள். பட்டென்று வந்தது பதில். உண்மை சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

ரெக்கார்டர் திரையில் இடது, வலது இரண்டு கோடுகளும் ஒழுங்காகத்தான் ஏறி இறங்குகின்றன. அதனால் என்ன? காது இருக்கும்போது கோட்டைப் பார்த்தா பதிவு செய்வார்கள்?

பிப்ரவரி 15, சனி

இருவருமாகப் போனோம். நான் கார் ஓட்ட, அவள் எனக்கு இடப்பக்கம். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். என்ன என்றால், ஒன்றுமில்லை அண்ணி என்கிறாள். ஒன்றுமில்லாததை எதற்கு முணுமுணுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை ஒரே அதட்டலில் நிறுத்துகிற தொண்டை. என்னிடம் மட்டும் வார்த்தையை மென்று விழுங்குகிறாள்.

காலி வண்டி வந்தது. மைக் அவள் கையில், ஹெட்போன் என் தலையில். இன்றும் வலப்பக்கமே. நான் பக்கத்தில் நிற்கும்போதே! மைக்கைக் கோணலாகப் பிடிக்கிறாள், வேறென்ன. வலப்பக்கம் திருப்பு என்றேன். இன்னும் திருப்பு என்றேன். “இப்ப மைக் கேட்டைப் பாத்து இருக்கு அண்ணி, பரவாயில்லையா?” என்று கேட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பரவாயில்லை, எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் மைக்கைப் பெட்டியில் வைக்கும் நேரம் பார்த்து நான் கேட்காரரிடம் நழுவினேன். போன வாரம் அவள் எங்கே நின்றாள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். தொட்டி பக்கம்தான், வெயிலில் வாடிப் போய்விட்டார்கள், நான்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன் என்றார். நான் தண்ணீரைப் பற்றியா கேட்டேன்? கேட்காததையெல்லாம் ஒருவர் சொன்னால் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இவர் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் வைத்துவிட்டார். யார்? தங்கச்சி. என்னவாம்? சும்மாதான். அண்ணனும் தங்கையும் சும்மா பேச உள்ளறை எதற்கு? சாப்பிடும்போது என் இடப்பக்கம் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சொன்னார். நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷன், என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்.

இப்போது எல்லாம் கோத்துப் பார்க்க முடிகிறது. ஒலிக்கூடத்தின் பொறுப்பாளர் முதல் தடவை வயலுக்கு வந்தபோது யாரைப் பாராட்டினார்? மைக் பிடித்த கை அசையவே இல்லை என்று அவளைத்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஆசை வந்திருக்கிறது. நல்ல பதிவைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த கழிவை என் தலையில் கட்டுகிறாள். கடைசியில் கூடத்துச் சுவரில் யார் பெயர் இருக்கும்? மழையிலும் சேற்றிலும் நின்று இந்த வேலையை ஆரம்பித்தவள் நான். அவளுக்கு மைக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்.

பிப்ரவரி 21, வெள்ளி

அவள் கெடுத்ததை நானே சரிசெய்தேன். இடதை ஏற்றி, வலதை இறக்கி, வண்டி ஒழுங்காகக் குறுக்கே ஓடும் வரை விடவில்லை. மாதிரிக்கு ஒரு துண்டைக் கூடத்துக்கு அனுப்பியாயிற்று. இதைக் கேட்டாவது அந்த மனிதருக்குப் புரியட்டும், காது யாருடையது என்று.

பிப்ரவரி 24, திங்கள்

கூடத்துப் பொறுப்பாளர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். “இடது ஸ்பீக்கர் அலறுது மேடம், எங்க ஆளுங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. முன்னாடி அனுப்பினதெல்லாம் அருமையா இருந்துச்சே. உங்க நாத்தனாரை ஒரு தடவை கேக்கச் சொல்லலாமா?”

நாத்தனாரை. இந்த யோசனை அவருக்குத் தானாக வந்ததாம். நான் நம்ப வேண்டுமாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எல்லாரும் சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள். தூக்கமே இல்லை.

மார்ச் 1, சனி

கேட்டுவிட்டேன். வயலுக்குப் போகும் வழியிலேயே, வண்டியை ஓரம் கட்டி. நல்ல பதிவெல்லாம் எங்கே, யாரிடம் கொடுக்கப் போகிறாய், உன் அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டா — இன்னும் என்னென்னவோ. எழுத வேண்டாம், அதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை.

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் முகம் செத்துவிட்டது. “தொட்டிகிட்ட நின்னேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறீங்க. கேட்காரரை விசாரிச்சிருக்கீங்க, அதுவும் எனக்குத் தெரியும். நான் என்னதான் சொன்னா நம்புவீங்க அண்ணி?” மைக்கை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போகட்டுமே. தனியாக ஆரம்பித்தது, தனியாகவே முடியட்டும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை? நியாயம் என் பக்கம்தானே இருக்கு?

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவள் முகத்தில் விட்டெறிய ஓர் ஆதாரம் வேண்டும் என்று காலையில் போன வருஷத்துப் பதிவு ஒன்றை எடுத்தேன். ஜல்லி ஏற்றிய வண்டி. தொட்டியடியில் நானே நின்று, நானே மைக் பிடித்து எடுத்தது. எனக்கு அது மனப்பாடம். பிரேக் ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டி இடக்கோடியில் கீச்சிடத் தொடங்கி, என்னைத் தாண்டி, வலக்கோடி வரை கீச்சிட்டுக்கொண்டே போகும். சரியான பதிவு என்றால் இது என்று அவளுக்குக் காட்டலாம் என்றிருந்தேன்.

வண்டி வலப்பக்கத்தில் முளைத்தது. அங்கேயே தேய்ந்தது. அந்தக் கீச்சும் அங்கேயே.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். வீட்டுக்குள் வந்து இதையும் மாற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கோப்பில் யார் கையும் படவில்லை, எடுத்த அன்று இருந்தபடியே இருக்கிறது. சரி, ஹெட்போன் பழுது. இடப்பக்கம் செத்திருக்கும். கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினேன். இப்போது வண்டி இடப்பக்கம் வந்தாக வேண்டும்.

வலப்பக்கமே ஓடியது.

திரும்ப மாற்றினேன். மறுபடி மாற்றினேன். ஹெட்போனைக் கீழே வைத்துவிட்டு இடது காதோரம் விரல்களை உரசிப் பார்த்தேன். வலது காதோரம் உரசினேன். மறுபடி இடது.

ஐயோ, என் காதா? என் காதா போச்சு?

மார்ச் 5, புதன்

காது மருத்துவர் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். காய்ச்சலோடு வந்த கோளாறு, நரம்பைத் தாக்கியிருக்கிறது என்கிறார். இடது காதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். உடனே வந்திருந்தால் மாத்திரையிலேயே பிடித்திருக்கலாமாம். இப்போதும் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. ஒலி வேலை செய்கிற உங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையா என்று கேட்டார். தெரிந்தது, நாத்தனார் செய்கிற வேலை என்று நினைத்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த இவர் சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நடந்தார். இத்தனை நாளும் சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். நீ பதிலே சொல்லலை.” தெருவில் நின்று அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது. காது இல்லாவிட்டால் நான் யார்?

மார்ச் 7, வெள்ளி

பள்ளி விடும் நேரம் மைதானத்துக்குப் போனேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோலிக்குண்டு மாதிரி கண்ணை உருட்டிப் பார்த்தாள். சொன்னேன். ஹெட்போனை மாற்றி மாட்டியது, மருத்துவர், எல்லாம். மன்னித்துக்கொள் என்று இந்த வாயால் சொன்னேன்.

விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகுதான் வந்தது: “வண்டியில பக்கத்துல உக்காந்து பேசுவேன், நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு வருவீங்க. அண்ணிக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். அண்ணன்கிட்ட அதத்தான் பொலம்பிட்டிருந்தேன்.”

ஆக, அவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பரவாயில்லை அண்ணி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

மாத்திரை வயிற்றைப் பிசைகிறது. இடது காதில் ஓயாத ஓர் இரைச்சல். பேச்சு எதுவும் நுழையவில்லை. கூடத்துப் பொறுப்பாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லாமல் இது வேண்டாம், ஆனால் இடம் வலம் பார்க்க இன்னொரு காது வேண்டும் என்றார். இதில் என்ன உள்நோக்கம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

மார்ச் 15, சனி

அவள் வந்தாள். இந்தத் தடவை மைக் என் கையில், ஹெட்போன் அவள் தலையில். காற்று அடங்கியிருந்தது. ஜல்லி வண்டி வந்து, போய், வயலில் பூச்சிகள் மறுபடி கத்தத் தொடங்கும் வரை இருவரும் மூச்சுகூட விடவில்லை. எனக்கு அது பூராவும் வலப்பக்கத்தில்தான் நடந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் வலப்பக்கம் வந்து நின்று சொன்னாள்: “இடதுல இருந்து வலது அண்ணி. நடுவுல எங்கயும் அறுந்து போகல.”

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேதி, வண்டி, அது போன திசை, கேட்டவர் யார் என்று மைக்கில் சொல்லி வைப்பது வழக்கம். கேட்டவர் என்ற இடத்தில் இதுவரை நான் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். தேதியைச் சொன்னேன். ஏற்றிய வண்டி என்றேன். இடமிருந்து வலம் என்றேன், அவள் சொன்னபடியே. கேட்டவர் என்று அவள் பெயரைச் சொல்லி நிறுத்தினேன்.