இரண்டு போர்வைகள்

மூன்று மாதம் மூத்ததால் எனக்கு அக்காவான தோழி நிரோவுக்கு,

கண்டியில் மழை விட்டுவிட்டது. ஹந்தானை மலை இன்று கழுவி வைத்ததுபோல் நிற்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து உன் அண்ணா பேசினார். உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் அவருக்கு லைன் கிடைத்ததாம். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு, மூச்சிழுப்புக்கு நீ வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப் கடைகளில் முடிந்து, ஆஸ்பத்திரியிலும் முடிந்து, பிறகு நீயும். சீனித் தட்டுப்பாட்டைச் சொல்வதுபோல அழாமல் சொன்னார். கடைசியில், "நீங்கள் ரெண்டு பேரும் மலையில தங்கி, விடிய எழும்பிச் சூரியன் பாத்தனீங்களாமே, தங்கச்சி. பழுத்த பப்பாசி மாதிரி இருந்ததெண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாண்ணே, ரொம்ப அழகா இருந்திச்சு."

ஏன் அப்படிச் சொல்லி வைத்தாய், நிரோ? வீட்டார் பயப்படக்கூடாது என்றா? என்னைக் காப்பாற்றவா?

என் விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதுவது எனக்குப் பிடிக்காது. உனக்கே தெரியும். ஆனால் இதை மூடி வைத்தால் நாறும்.

கம்பஸில் இறுதிப் பரீட்சை முடிந்ததும், வெள்ளைக்காரப் பிள்ளைகளைப்போல முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறி, அவர்கள் தங்கும் விடுதியில் ஒரு நாள் தங்கவேண்டும் என்பது உன் ஆசை. தேயிலைக்குள்ளால் ஏறினோம். அடிக்கடி நின்று பம்ப் அடித்தாய். "எடியே, உனக்கு ஆட்டின்ர கால். எனக்கு மனுசக் கால்தான். மெல்லப் போ" என்றாய்.

விடுதி வாசலில் பல மொழிகளில் நல்வரவு எழுதியிருந்தது. தமிழ் இல்லை. நான் அதற்குக் கோபப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து உன் பொட்டைத் துடைத்தேன். தமிழென்று தெரியாதிருக்க, ஆமி செக்பொயின்ட் வருமுன் பஸ்ஸில் நாமெல்லோரும் செய்கிற காரியம்தானே. "உள்ள போனதும் இங்கிலீஷ்ல பேசு" என்றேன். முகம் கழுவிவிடப்படும் குழந்தைபோல நீ நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

பொட்டைத் துடைக்கலாம். அடையாள அட்டையைத் துடைக்க முடியுமா? பெயர் பதியும் மேசையில் இருந்த செல்வம் அண்ணன், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழர். வெளிநாட்டாரின் பாஸ்போர்ட்டை முகம் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தவர், உன் அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்க கம்பளை, நம்ம மலைநாட்டு ஆளு. நீங்க தங்குங்க. அவங்க பேரைப் பொலிசுக்குக் குடுத்தா வந்து நிப்பாங்க. என் வேலையும் போயிரும். அவங்கள மட்டும் கீழ போகச் சொல்லுங்க."

அவர் பயந்தவர். என் வாயிலிருந்து வந்தது என்ன? "கடைசி பஸ் எத்தன மணிக்கு?"

நீ கேட்டுக்கொண்டுதான் நின்றாய். "நல்லாத்தான் கேக்கிறாய்" என்று சிரித்தாய். "நீ இரு. சூரியன் எப்பிடியெண்டு வந்து சொல்லு. நான் போயிட்டு வாறன்." பிறகு சப்பாத்து நாடாவை அவிழ்த்து, இரண்டாம் தரம் கட்டினாய். நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்கு நேரம் கொடுத்தாய், இல்லையா?

தூறலில் தனியே இறங்கிப் போனாய். செல்வம் அண்ணன் உனக்கென்று ஒதுக்கியிருந்த கட்டிலின் போர்வையையும் கொண்டுவந்து நீட்டினார். "குளிரும், ரெண்டையும் போத்திக்கங்க." போர்த்திக்கொண்டேன். கதகதப்பாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

விடிந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் பனி. எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. காலைச் சாப்பாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ரொட்டியில் தேனை வழியவிட்டுக்கொண்டே, உங்கள் நாடு எவ்வளவு அமைதியானது என்றாள். தலையாட்டினேன்.

கம்பஸுக்குத் திரும்பியதும் நீ ஓடிவந்து, "என்ன நிறம்?" என்று கேட்டாய். உன்னை அனுப்பிவிட்டுப் பனியைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? "பழுத்த பப்பாசி மாதிரி" என்றேன்.

நீ சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது அதை. என் பொய்யை.

நாலு பேர் படிக்குமுன், இந்தக் கடிதத்தின் முதல் பிரதி உன் அண்ணாவுக்குக் கப்பல் தபாலில் போகிறது. அவரிடம் மிஞ்சியிருக்கும் அந்தச் சூரியனையும் நான் பிடுங்குகிறேனோ? தெரியவில்லை. ஆனால் நீ இறங்கிப்போன பாதையை அவர் அறியவேண்டும். இனி எவர் கேட்டாலும், அந்த மலையில் நான் ஒருத்திதான் தங்கினேன் என்று சொல்வேன். சூரியன் வரவில்லை என்றும் சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

உன் போர்வையையும் போர்த்திக்கொண்ட
தங்கச்சி