தலைவரின் வலது கண்

யூன் 25, வியாழன்

கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலை அரை மணியில் காய்ந்து விறைத்துவிட்டது.

ஞாயிறு சேவைக் கழகக் கூட்டத்துக்கு: பயறு 3 கி., சர்க்கரை, தேங்காய் 6, வாழையிலை, விளக்குத் திரி. செலவு தனிப் பக்கத்தில் எழுதியாயிற்று.

இவர் தலைவராக இருந்த காலம் ஞாயிறோடு முடிகிறது. இனிப் பவானி ரீச்சர். எங்கள் கழகத்துக்குப் பெண் தலைவர் இதுதான் முதல் தரம்.

பின்னேரம் முழுக்கப் பேச்சைப் பாடமாக்கினார். கடதாசியைப் பார்த்து வாசிக்கலாமே என்று கேட்க முடியாது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, இடதும் மங்கல். தபால் கந்தோரில் எந்தக் கிறுக்கல் விலாசத்தையும் வாசித்த மனுசன்.

வருசா வருசம் கண் முகாம் நடத்தி, வான் வண்டியில் ஆட்களை ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பியவரும் இவர்தான். "பயப்பிடாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரித்தான்." தனக்கு மட்டும் எறும்பு வேண்டாம்.

தை மாதம் முருகன் படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினார். "ஆருக்கும் சொல்லப்படாது புள்ள." மகளுக்கும் சொல்லவில்லை. முத்த விட்டால் கஷ்டம் என்று முகாமில் டொக்டர் சனத்துக்குச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதானே நின்றேன்.

யூன் 26, வெள்ளி

விரதம். நேர்த்தி வைத்தேன்: இவர் ஒப்பரேசனுக்கு ஓம் என்றால் இரண்டு பேரும் மண்டூர் முருகன் கோயிலுக்கு வந்து வெள்ளிக் கண்மலர் சாத்துவோம். அங்கே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். என் நிலைமையும் அதுதான், முருகா.

காலையில் தன் தேத்தண்ணிக்குள் சீனி என்று உப்பைப் போட்டார். முகம் சுழிக்காமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தேன்.

யூன் 28, ஞாயிறு

மண்டபம் நிறைந்த சனம். பிள்ளைகளுக்குக் கொப்பி. குருக்கள்மடத்து அம்மா ஒருவருக்குச் சக்கர நாற்காலி. பயற்றங்கஞ்சி போதாமல் போய்விட்டது, அடுத்த முறை 4 கி.

இவர் பேச்சு அருமை. ஒரு சொல்லும் தடக்கவில்லை. பிறகுதான் தலைவர் சங்கிலி மாற்றுகிற நேரம். கழற்றினார், இரண்டடி வைத்தார், பக்கத்தில் தட்டோடு நின்ற செயலாளர் ரமணனின் கழுத்தில் போட்டார். ரமணன் ஆறடி. ரீச்சர் அவர் தோளுக்கும் வரமாட்டா.

மண்டபம் முழுக்க ரமணனின் கழுத்தையே பார்த்தது.

"என்ன பார்க்கிறீங்க?" என்றார் இவர் மைக்கில். "இவ்வளவு காலமும் வேலையெல்லாம் செய்தது ரமணன். ஒரு நிமிசம் போட்டுப் பார்க்கட்டுமே."

ஒரே சிரிப்பு, கைதட்டல். "மனுசன்ட முசுப்பாத்தியப் பாருகா" என்று பின்வரிசையில் ஒருத்தி. ரமணனே கழற்றி ரீச்சருக்குப் போட்டுவிட்டார்.

ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் கிட்ட வந்தா.

"அக்கா, எத்தின நாளா இப்பிடி?"

சத்தியம் இருக்கே. அவவுடைய கையைப் பிடித்தேன். விடவும் இல்லை.

யூலை 1, புதன்

பால்மா 1, மண்ணெண்ணெய் 2 போத்தல்.

ரீச்சர் வீட்டுக்கு வந்தா. இவர் கதிரையைத் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை கண் முகாம். நீங்க கட்டாயம் வரோணும்."

"பின்ன! வழமை போல ஆக்களை வானில ஏத்தி இறக்க..."

"அதுக்கு ரமணன் இருக்கான். நீங்க ஆக்களோட ஆளா, பின் சீட்டில."

இவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"அக்கா வாயே திறக்கல்ல. நீங்க போட்ட சங்கிலிதான் சொல்லிச்சு. தலைவர் சொன்னா மறுகா கதை இல்ல எண்டு சட்டம் போட்டதும் நீங்கதானே?"

இவர் சால்வை நுனியை விரலில் சுற்றினார். பிறகு மெல்ல: "கத்தி கண்ணுக்குக் கிட்ட வரும், ரீச்சர்."

இவ்வளவு காலத்தில் இவர் பயம் என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டது இதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

"கிட்ட வந்துதான் ஆகோணும்," என்றா ரீச்சர். "அக்காவும் கூட வருவா."

"ஓம்" என்றார். சின்னக் குரலில். முருகா.

யூலை 9, வியாழன்

முகாமில் இவருக்குத்தான் முதல் நம்பர் சீட்டு. இன்று ஒப்பரேசன். வலது புருவத்துக்கு மேல் அடையாளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டினார்கள்.

வானில் பொன்னம்மாக்கா, போன வருசம் இவர் அனுப்பி ஒரு கண் ஒப்பரேசன் செய்தவ. "என்ன தம்பி, தலைவரும் வாறீங்க? அப்ப எறும்பு கொஞ்சம் பெரிசுதான் போல."

எல்லாரும் சிரிக்க இவரும் சிரித்தார். சால்வைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தார், ஆசுப்பத்திரி வரைக்கும். கலியாணம் செய்த காலத்திலும் வெளியில் வைத்துக் கை பிடிக்காத ஆள்.

யூலை 10, வெள்ளி

கட்டு அவிழ்த்தாயிற்று. நல்லபடி. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே முதல் கேள்வி:

"இந்தச் சுவர் நீலமா? பச்சை எண்டெல்லோ நான் அடிப்பிச்சன்!"

பெயின்ற் தெரிவு செய்தவரும் இவர்தான். நான் அப்போதே சொன்னேன்.

சொட்டு மருந்து 4 வேளை. தலைக்குத் தண்ணீர் இல்லை.

யூலை 24, வெள்ளி

நேர்த்தி முடிக்க மண்டூர். தேற்றாத்தீவில் பஸ் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, வாவி கடக்கிற பாதைப் படகில் ஏறினோம். மோட்டார் சைக்கிள் ஆறு, ஒரு கிடாய் ஆடு, சனம். காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி. இவர் கறுப்புக் கண்ணாடியோடு அக்கரைக் கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு எண்ணுவதை நிற்பாட்டினார். படகின் விளிம்பைக் காலால் தடவித் தடவி ஒரு வயசாளி ஏறினார். இவர் எழும்பிக் கை கொடுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"அண்ணே, எங்கட ரீச்சர் அடுத்த மாசமும் ஒரு கண் முகாம் வைக்கிறா."

"எனக்குக் கண் நல்லாத் தெரியும் மனே."

"எனக்கும் அப்பிடித்தான் நல்லாத் தெரிஞ்சது," என்றார் இவர். எறும்புக் கதை வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை. "நான் பயந்தனான் அண்ணே. ஒளிச்சுத் திரிஞ்சனான். இவவக் கேளுங்க."

"மெய்யாகா?" என்று கிழவர் என் பக்கம் திரும்பினார்.

சத்தியம் செய்தவள். இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லு புள்ள," என்றார்.

உப்புத் தேத்தண்ணியில் தொடங்கினேன். மண்டூர்க் கரை தட்டின பிறகும் முடியவில்லை.