கன்னி மூலையில் அடைத்த குழி

ஈசா டவுன், பஹ்ரைன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சம்யுக்தாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். ருவைஸில் நீயும் மாப்பிள்ளை கௌரிசங்கரும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ போன் பேசும்போது உன் மாமியார் பக்கத்தில் இருக்கிறார், எனக்கும் போனில் பேசினால் குரல் ஏறிவிடுகிறது. என்னோடு வேலை பார்க்கும் மீராசா வேலையாக உங்கள் பக்கம் வருகிறார், அம்மா இடித்த பருப்புப் பொடியோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் பேஸ்மென்ட்தான். உனக்காகக் கட்டின அறை போய்விட்டது. வியாழக்கிழமை பெய்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர். ஜிப்சம் போர்டு சுவரெல்லாம் ஊறின அப்பளம் மாதிரி மடங்கிக் கிடக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை கட்டிலை விட்டு மிதந்துபோய்ப் படிக்கட்டில் முட்டிக்கொண்டு நின்றது. தூளி கட்ட உத்தரத்தில் அடித்த கொக்கி ஒன்றுதான் சேதமில்லாமல் இருக்கிறது. தண்ணீரை எடுத்தாயிற்று, ஆனால் பூஞ்சை வாடை போக மாதக்கணக்காகும், பச்சைப் பிள்ளையை அங்கே படுக்க வைக்க முடியாது.

தண்ணீர் ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும். தென்மேற்கு மூலையில் தண்ணீரை வெளியே இறைக்க மோட்டார் வைத்த குழி இருந்ததே, கடலோர ஊர், நிலத்துக்கடியில் ஊறுகிற தண்ணீரும் ஏசித் தண்ணீரும் அதில்தான் வந்து விழும். கன்னி மூலையில் பள்ளம் இருந்தால் வீட்டுக்கு ஆகாது, அதிலும் பிள்ளைத்தாய்ச்சி தலைவைத்துப் படுக்கிற இடம். நான் யாரிடமும் வாஸ்து படிக்கவில்லை, ஏசி வேலை கற்ற மாதிரி இதையும் நானே பார்த்துப் படித்துத் தெரிந்துகொண்டவன். அம்மா அன்றைக்கே சொன்னாள், அந்தக் குழியில கை வைக்காதீங்க, வேணும்னா கட்டில தள்ளிப் போடுங்க, இத்தனை வருஷமா அந்தத் தரையைத் துடைக்கிறவ சொல்றேன் என்றாள். துடைக்கிறவளுக்குத் துடைப்பம்தான் தெரியும் என்றேன். நீயும் போனில், அப்பா ப்ளீஸ், உங்க ரூம்ல ஒரு பாய் போட்டா போதும்பா எனக்கு என்றாய். நான் போனை வைத்துவிட்டு, கொத்தனார் கௌஸ் முகம்மதுவைக் கூப்பிட்டு, மோட்டாரைக் கழற்றி, ஜல்லி கொட்டி சிமென்ட் போட்டு மேலே டைல்ஸும் ஒட்டச் சொன்னேன். பாவம், அவர் என் பேச்சுக்குச் செய்தார். இப்போதும் சொல்கிறேன், கன்னி மூலையில் குழி வெட்டினது இந்த வீட்டைக் கட்டினவன் தப்பு. அதை அடைத்தது என் தப்பு. இரண்டும் வேறு வேறு.

எனக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்பாய். நிச்சயதார்த்தத்தில் உன் மாமியார் நீலா அம்மாள் தன் சொந்தக்காரர்களிடம், பஹ்ரைன் பஹ்ரைன்னு பேருதான், இருக்கறது ரெண்டு ரூமாம், தலைப்பிரசவத்துக்குப் பொண்ண எங்க படுக்க வெப்பாங்களோ என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறக்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் நானே கொண்டுவந்து விடறேன், ரூமைப் பார்த்துட்டுத்தான் திரும்புவேன் என்று அவர் சொன்னபோது, தாராளமாக வாருங்கள், தனித் தளமே தயார் என்று நான்தான் பெருமை அடித்தேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். வெள்ளிக்கிழமை காலை நீலா அம்மாள் போன் செய்தார், ரூம் ஆச்சா சம்பந்தி என்றார். மூழ்கிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார், இடிக்கச் சொல்லிவிட்டார் என்றேன். அதற்கு அவர், அரபிங்க அப்படித்தான் சம்பந்தி, நம்மள மனுஷனாவே நினைக்க மாட்டாங்க என்றார். நான் ஆமாம் என்றேன். அப்போது வீட்டுக்காரர் அபு யூசுப் எங்கே இருந்தார் தெரியுமா, என் எதிரே, வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பம்பின் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நின்றார். அறை கட்டலாமா என்று கேட்டபோதே, உன் மகள் என் மகள், மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை, செய் என்று சொன்ன மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் போனை வைத்ததும், மகளா, நன்றாக இருக்கிறாளா என்று சைகையில் கேட்டுச் சிரித்தார். நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குத் தமிழ் தெரியும். அன்றிலிருந்து அவள் சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை. நான் பேசினால், சுவரிடம் சொல்வது போல, குழிய அடைச்சா மழைத் தண்ணி மட்டுமா நிக்கும் என்கிறாள். வாழ்க்கையில் நான் யாருக்கும் தலை குனிந்ததில்லை, இப்போது அந்த மனிதர் சலாம் சொன்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். எங்கள் அறையைக் காலி செய்துவிட்டேன், உனக்கும் அம்மாவுக்கும் அதுதான். நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். நீ படுக்கப் போவது தென்கிழக்கு, அக்னி மூலை அறை, பிரசவத்துக்கு உகந்தது அல்ல, அதைப் பற்றி இனி நான் வாய் திறக்கப் போவதில்லை. நீலா அம்மாள் உன்னைக் கொண்டுவந்து விடும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அபு யூசுப்பையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, நடந்ததை முதலில் தமிழில் உன் மாமியாரிடமும் பிறகு எனக்குத் தெரிந்த அரபியில் அவரிடமும் சொல்வேன். தனியாகச் சொல்லலாம் என்று விட்டால் சொல்லாமலே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதுவரை நீ முந்திக்கொண்டு உன் மாமியாரிடம் சொல்லாதே, எனக்காக மன்னிப்பும் கேட்காதே.

மாதம் ஏறினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், சீக்கிரம் முடிவு செய். ருவைஸிலேயே பிரசவம் என்று நீ சொன்னால் அம்மாவை அங்கே அனுப்பி வைக்கிறேன். அப்படியானால் அந்தச் சாப்பாட்டை உன் வீட்டு மேஜையில் வைத்துக்கொள்வோம், அபு யூசுப்பை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். எதுவானாலும் நீ சொல்வதுதான், இந்த ஒரு தடவை நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீயும் பிள்ளையும் பத்திரமாக இரண்டு உயிராகப் பிரிந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சீதாராமன்