விளக்கு நேரத்தில் மூடிய ஜன்னல்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிறது. மென்செஸ்டரில் நீயும் மருமகள் புனிதாவும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சமாதானம் பேச ஆரம்பித்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எந்த வீடு வரைக்கும் போகும் என்று எனக்கு இப்போது சந்தேகம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் ஜன்னல் விஷயம்.

முன் ஜன்னல் லங்சீர்த் திரையைக் கழற்றிட்டு பட்டை பட்டையா இருக்குமே, அந்த பிளைண்ட்ஸ் போடுங்கம்மா, தூசி சேராது, இருமல் குறையும் என்று நீ சொன்ன நாளிலிருந்தே என் மனம் சரியில்லை. முப்பது வருஷம் அந்தத் துணியோடு இருமாதவளுக்கு இப்போது என்ன இருமல்? பிப்ரவரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து மதியம் வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேனே, அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை சொன்னாய், வீட்டை வித்துட்டு செராஸ்ல மலர்விழி சித்தியோட போய் இருங்கம்மா என்று. நான் முடியாது என்றேன். நீயும் பேச்சை விட்டுவிட்டாய். நீ அவ்வளவு சுலபமாக விடுகிற பிள்ளை இல்லையே, ஐயா. அடுத்த வரிசையில் பரமேஸ்வரன் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா, முதலில் சுவருக்குச் சாயம் அடித்தார்கள், பிறகு ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை போட்டார்கள், அடுத்த மாதமே கேட்டில் விற்பனைப் பலகை தொங்கியது. பாவம் அந்த மனிதர், புதுத் திரையை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதனால்தான் நீ பிளைண்ட்ஸ் என்றதும் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது.

இருந்தாலும் நீ வாரா வாரம் கேட்டாய் என்று பிளைண்ட்ஸ் கடைக்குப் போனேன். எதிர்வீட்டு உஷாராணி, அதுதான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், நானும் வரேன்க்கா என்று கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டாள். கடைக்காரர் குரு நல்ல பேச்சுக்காரர். இது அசல் மரம் இல்ல ஆன்டி, மரம் மாதிரி செஞ்சது, நம்ம ஊரு ஈரத்துக்கு அசல் மரம் வளைஞ்சிடும், கரையானும் வைக்கும், இதுக்கு ஒண்ணும் ஆகாது லா என்றார். தன் சாமான் பொய் மரம் என்று தானே ஒப்புக்கொள்கிற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கிவந்து ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன், மறுநாள் கேட்டின் மேல் வெயிலில் வைத்தேன், நகத்தால் சுரண்டினேன், முகர்ந்தும் பார்த்தேன். வளையவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. அளவெடுக்க வந்த அன்று ஒரே ஜன்னலை மேலே, நடுவில், கீழே என்று மூன்று தடவை அளந்து, அதில் குறைந்த அளவை எழுதிக்கொண்டார். ஆள் அகப்பட்டார் என்று நினைத்து, ஏன் தம்பி குறைச்சு எழுதுறீங்க என்று கேட்டேன். சட்டம் எங்கேயும் நேரா இருக்காது ஆன்டி, பெரிய அளவுக்குச் செஞ்சா உள்ளே போகாம மாட்டிக்கும் என்றார். நானே டேப்பைப் பிடித்துப் பார்த்தேன், நம் ஜன்னல் கீழ்ப்பக்கம் அரை சென்டிமீட்டர் குறுகல்தான். அத்தனை வருஷம் துடைத்த எனக்குத் தெரியவில்லை, அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆக குரு மேல் குற்றமில்லை. எனக்கு உறுத்தியது உஷாராணிதான். சுருட்டி இழுக்கிற இருட்டுத் திரை ஒன்று எனக்குப் பிடித்திருந்தது, வேணாம்க்கா, பட்டையைத் திருப்புற மாதிரி எடுங்க, விளக்கு வைக்கிற நேரத்துல வெளிச்சம் வெளியே தெரியணும், அப்பதான் லட்சுமி வருவா என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. கைப்பை பறிக்கிற திருடர்களுக்குப் பயந்து நான் ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறேன், லட்சுமி ஜன்னல் வழியாக வரட்டும், சரி. ஆனால் என் ஜன்னலைப் பற்றி இவளுக்கு என்ன இத்தனை அக்கறை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. வீட்டை வாங்குகிற ஆளைக்கூட இவள் பார்த்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அவள் வாசலில் கறிவேப்பிலை மரம் கேட்டுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, ஆனால் நாலு மாதமாக அவ்வப்போது பொழுது சாய்கிற நேரத்தில் என்னிடம் வந்து கறிவேப்பிலை கேட்கிறாள்.

இந்த வாரம் திங்கட்கிழமை குரு வந்து மாட்டினார். தேக்கு நிறம், அழகாகத்தான் இருக்கிறது. அன்று கொசு அதிகம் என்று பட்டைகளை ஒட்டத் திருப்பி மூடிவிட்டு விளக்கேற்றினேன். பத்து நிமிஷத்தில் உன் போன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறவன் திங்கட்கிழமை அங்கே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கூப்பிடுகிறாய், விளக்கு வச்சீங்களாம்மா என்று கேட்கிறாய். செவ்வாய் திறந்து வைத்தேன், போன் இல்லை. புதன் வேண்டுமென்றே மூடினேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன், எட்டாவது நிமிஷம் நீ. நேற்று திறந்து வைத்தேன், ஒன்றுமில்லை.

இன்று காலையில் நேராக உஷாராணி வீட்டுக்குப் போய், என் வீட்டை விக்க நீயும் அவனும் சேர்ந்து என்ன பேசுறீங்க என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். போனை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். பிப்ரவரியிலிருந்து ஒரு நாள் விடாமல், அக்கா வீட்டுல விளக்கு எரியுது என்று அவள், நன்றி ஆன்டி என்று நீ. லங்சீர் இழுத்திருந்த நாளிலெல்லாம், ஒண்ணும் தெரியல தம்பி என்று அவள், கொஞ்சம் போய்ப் பாருங்களேன் ஆன்டி என்று நீ. அவள் கறிவேப்பிலை கேட்டு வந்த நாட்கள் அவைதான். இந்தத் திங்களும் புதனும் மட்டும், எத்தனை தடவைதான் கறிவேப்பிலை கேக்குறது தம்பி, நீங்களே கூப்பிடுங்க என்று அவள். நீ பிளைண்ட்ஸ் கேட்டது எதற்கு, அவள் லட்சுமியைக் கூப்பிட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள், என் வயிற்றில் பிறந்தவனையே வீட்டை விற்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டேனே, ஐயா, அது என் தப்பு. ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று எதிர்வீட்டில் கேட்கிறாய், அம்மாவிடம் கேட்கவில்லை. தினமும் கூப்பிட்டால் நான் எரிச்சல் படுவேன் என்று நினைத்தாயாம், உஷாராணி சொன்னாள். படுவேன்தான். பட்டால் என்ன?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நான் மூடியது உன்னைப் பிடிக்க மட்டும் இல்லை. திங்கட்கிழமை உன் குரலைக் கேட்டது நன்றாக இருந்தது.

புனிதாவிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல், இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உஷாராணியைக் கோபித்துக்கொள்ளாதே, இனி அவளுக்குக் கறிவேப்பிலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எல்லா நாளும் விளக்கு நேரத்தில் பட்டைகளைத் திறந்தே வைப்பேன், புதன்கிழமை மட்டும் மூடுவேன். அன்று எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதே. ஆனால் கூப்பிடு.

உன் அம்மா,
இராஜம்மா